பத்து நொடிக்கு ஒருமுறை படம் உறைகிறதா? ஆம்ப்ளிஃபையரைத் தொடாதீர்கள்

கேள்வி: குடியாத்தம் பக்கம் சிறிய ஹெட்எண்ட் (கேபிள் டிவி சேனல்களைச் சேர்த்து அனுப்பும் நிலையம்) நடத்துகிறோம். புதிதாக மூன்று பே சேனல்களை ஸ்கிராம்ப்ளரில் (சேனலைப் பூட்டி அனுப்பும் கருவி) ஏற்றினோம். எல்லா வீட்டிலும் அந்த மூன்று மட்டும் சுமார் பத்து நொடிக்கு ஒருமுறை உறைந்து, பிறகு ஓடுகின்றன. சில பாக்ஸ்களில் அவற்றில் ஒன்று ‘ஸ்கிராம்பிள்ட்’ என்றே நிற்கிறது. லைனில் ஆம்ப்ளிஃபையர் மாற்றியும் பயனில்லை.

பதில்: லைன் கோளாறு என்றால் அதே ஃப்ரீக்வென்சியில் வரும் பழைய சேனல்களும் உடையும். அதுவும் கடிகாரம் பார்த்து உடையாது. கன்ட்ரோல் வேர்டு, அதாவது படத்தைத் திறக்கும் சாவி, மாறும் இடைவெளிக்குக் கிரிப்டோ பீரியட் என்று பெயர். பல ஹெட்எண்டுகளில் அது 10 நொடி. சாவி மாறும் நேரத்தில் புதிய சாவி பாக்ஸுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சாவி ஈசிஎம் என்ற சிறு தரவுப் பாக்கெட்டில் வருகிறது. ஒரு ஈசிஎம்மில் எத்தனை சாவி, முன்கூட்டி வருவது எத்தனை, டிலே ஸ்டார்ட் (சாவி மாறும் நேரத்திலிருந்து ஈசிஎம் எவ்வளவு முன்பின் கிளம்பும் என்பது) எவ்வளவு என்பதை, ஈசிஎம் தயாரிக்கும் ஈசிஎம்ஜி சர்வர் இணையும்போதே சேனல் ஸ்டேட்டஸ் செய்தியில் ஸ்கிராம்ப்ளருக்குச் சொல்லிவிடும். ஒரு ஈசிஎம்மில் நடப்புச் சாவியும் அடுத்ததும் சேர்ந்து இருந்தால் டிலே ஸ்டார்ட் 0 போதும். ஒரே சாவி என்றால் மதிப்பு மைனஸில் இருக்க வேண்டும். சாவி மாறுமுன்பே ஈசிஎம் கிளம்ப வேண்டும், ஏனெனில் அதைத் திறக்க பாக்ஸிலுள்ள கார்டுக்கு சில நூறு மில்லி செகண்டாவது பிடிக்கும். மைனஸ் குறி விடுபட்டால் நீங்கள் சொல்லும் அறிகுறி அப்படியே வரும். ஒழுங்காக ஓடும் பழைய சேனலின் ஸ்கிராம்ப்ளர் அமைப்பு வரியையும் புதிய வரியையும் அருகருகே திறந்து ஒப்பிடுங்கள். கையால் மாற்றிய மதிப்பு இருந்தால் எடுத்துவிட்டு, சர்வர் சொல்வதையே ஏற்க விடுங்கள். ஈசிஎம் திரும்ப வரும் இடைவெளி 100 மில்லி செகண்ட் அளவில் இருக்கட்டும்.

பழைய வரியை காப்பி செய்து புதிய சேனல் போடுகிறவர்கள்தான் அதிகம். அப்போது ஈசிஎம் ஐடியும் ஈசிஎம் பிஐடியும் (அந்தப் பாக்கெட்டுகளின் அடையாள எண்) சேர்ந்தே காப்பியாகிவிடும். ஒரே பிஐடியில் இரண்டு சேனலின் சாவிகள் கலந்தால் பாக்ஸ் குழம்பும். மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். பூட்டும் முறையை அடையாளம் காட்டும் சூப்பர் கேஸ் ஐடி மட்டும் எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது: சாட்டிலைட் ரிசீவர் படத்தைத் திறந்து அனுப்பினாலும், பிஎம்டியில் (சேனலின் பிஐடிகளைச் சொல்லும் அட்டவணை) பழைய சாட்டிலைட் சிஏ டிஸ்கிரிப்டரை (எந்தப் பூட்டு, அதன் ஈசிஎம் எங்கே என்ற குறிப்பு) அப்படியே விட்டுவைத்திருக்கக்கூடும். அதை அழித்து உங்கள் கேஸ் ஐடியை மட்டும் வையுங்கள். ஸ்கிராம்பிள் செய்வது வீடியோ, ஆடியோ பிஐடிகளை மட்டுமே. பிஎம்டி, ஈசிஎம் இரண்டும் திறந்தே போக வேண்டும்.

‘ஸ்கிராம்பிள்ட்’ என நிற்கும் பாக்ஸ்கள் வேறு கதை. மற்ற வீடுகளில் அதே சேனல் திறப்பதால் ஆக்சஸ் கிரைட்டீரியா (சேனலைத் திறக்க எந்த உரிமம் வேண்டும் என்ற நிபந்தனை) சரி. அந்தப் பாக்ஸ்களின் பேக்கேஜில் சேனல் இருக்கிறதா என எஸ்எம்எஸ்ஸில் (சந்தாதாரர் மேலாண்மை மென்பொருள்) முதலில் பாருங்கள். இருந்தால் உரிமம் கொண்டுவரும் ஈஎம்எம் போய்ச் சேரவில்லை. அனுப்பிய நேரத்தில் பாக்ஸ் மெயின் ஸ்விட்சிலேயே அணைந்திருக்கலாம். மறுபடி அனுப்பி, அரை மணி நேரம் ஆனிலேயே விடச் சொல்லுங்கள். எல்லா ஸ்ட்ரீமின் (ஒரு ஃப்ரீக்வென்சியில் போகும் சேனல் தொகுப்பு) சிஏடியிலும் (ஈஎம்எம் எங்கே எனக் காட்டும் அட்டவணை) ஈஎம்எம் பிஐடி இருக்க வேண்டும். 64 க்யூஏஎம் மாடுலேஷன், 6.875 சிம்பல் ரேட்டில் கிடைப்பது சுமார் 38 எம்பிபிஎஸ்தான். அதை வீடியோவாலேயே விளிம்புவரை நிரப்பினால் முதலில் அடிவாங்குவது ஈஎம்எம். புதிய சேனல் சேர்த்த ஸ்ட்ரீமில் 2 எம்பிபிஎஸ்ஸாவது காலி இருக்கிறதா பாருங்கள்.

வேலூர்ப் பக்கம் கோடையில் கரண்ட் போய் வருவதை யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கரண்ட் திரும்பியதும் ஸ்கிராம்ப்ளர் முந்திக்கொள்ளும், ஈசிஎம்ஜி சர்வர் பூட் ஆகச் சில நிமிடம் பிடிக்கும். இணைப்பு அறுந்தால் திறந்து அனுப்பவா, கடைசிச் சாவியிலேயே தொடரவா என்பதைப் பல ஸ்கிராம்ப்ளர்களில் தேர்ந்தெடுக்கலாம். பே சேனலுக்கு இரண்டாவதே சரி. திறந்து போனால் ஒளிபரப்பாளரின் ஆடிட்டில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சர்வருக்கும் நடுவிலுள்ள நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் ஒரே யுபிஎஸ் கொடுத்துவிடுங்கள்.