விலைக்கு வாங்கப்பட்ட ராணி – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழாம் நூற்றாண்டில் இன்றைய பிரான்ஸ் பகுதியில் ஆண்ட பல்தில்ட் ராணி பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். கணவன், பிள்ளைகள் எல்லாம் வருகிறார்கள்; அவளுடைய அப்பா அம்மா யார் என்று ஒரு வரிகூட இல்லை. இணையத்தில் தேடினால் இங்கிலாந்து இளவரசி என்கிறார்கள். இன்னொரு இடத்தில் ஒன்பது பிஷப்புகளைக் கொன்றவள் என்று இருக்கிறது. அப்புறம் எப்படிப் புனிதர் ஆனாள்? அடுத்த மாதம் மகளைப் பார்க்க பாரிஸ் போகிறேன், அதனால்தான் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

நான் விட்டுவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்த வரி எங்குமே இல்லை. அவள் இறந்த கொஞ்ச காலத்துக்குள் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறு சொல்வதெல்லாம் இவ்வளவுதான்: சாக்சன் இனத்தவள் (அப்போது இங்கிலாந்தில் குடியிருந்த இனம்), கடல் தாண்டி வந்தவள், மலிவு விலைக்கு விற்கப்பட்டவள். அடிமைச் சந்தையில் தகப்பன் பெயரை யார் கேட்டார்கள்? இளவரசிக் கதையெல்லாம் பிற்காலத்தில் ஒட்டவைத்தது. புனிதர் ஆனவள் நல்ல குடும்பத்துப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்ற ஆசை எல்லா ஊரிலும் உண்டு. அந்த வரலாற்றை எழுதியவருக்கு அந்த ஆசை இல்லை. ஏழையைக் குப்பையிலிருந்து தூக்கிவிடும் கடவுள் என்ற பைபிள் சங்கீத வரியைத்தான் அவளுக்குப் பொருத்துகிறார்.

அவளை வாங்கியவன் எர்கினோவால்ட், இன்றைய வடக்கு பிரான்ஸில் இருந்த நியூஸ்ட்ரியா அரசின் அரண்மனைத் தலைவன், அதாவது அரசனுக்கு அடுத்த பெரிய அதிகாரி. அவனுக்கு மதுக்கிண்ணம் நீட்டுவதும், வீட்டுப் பெரியவர்களின் செருப்பைக் கழற்றிக் கால் கழுவுவதும் அவள் வேலை. மனைவி இறந்ததும் அவன் இவளைக் கட்டிக்கொள்ள நினைக்கிறான். இவள் ஒரு மூலையில் கந்தல் துணிகளுக்குள் ஒளிந்துகொள்கிறாள். அவன் வேறொருத்தியை மணந்த பிறகுதான் வெளியே வருகிறாள். கடைசியில் அரசன் இரண்டாம் குளோவிஸே அவளை மணக்கிறான். இதில் புனிதர் கதைக்கே உரிய பூச்சு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் கந்தலை நான் நம்புகிறேன்.

657இல் குளோவிஸ் இறந்தபோது மூத்தவன் குளோத்தார் சின்னப் பையன். ஆட்சி இவள் கைக்கு வந்தது. கிறிஸ்தவர்களை அடிமையாக விற்கத் தடை போட்டாள். பணம் கொடுத்துப் பலரை மீட்டாள், குறிப்பாகத் தன் இனத்து ஆண்களையும் பெண்களையும். பிறந்த வீட்டுக்கும் அவளுக்கும் மிஞ்சிய ஒரே தொடர்பு இதுதான்.

பிஷப் கணக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. வில்ஃப்ரிட் என்ற பிஷப்பின் வரலாறு அவளை, தீர்க்கதரிசிகளைக் கொன்ற பைபிள் ராணி யேசபேலோடு ஒப்பிடுகிறது. அது எழுதப்பட்டது சுமார் ஐம்பது வருடம் கழித்து. கொல்லப்பட்ட லியோன் பிஷப் ஔனெமுண்டின் பெயரைக்கூட அதில் மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஒன்பது என்பதை நான் ஏற்கவில்லை. ஆனால் ஔனெமுண்ட் கொல்லப்பட்டது அவள் ஆட்சியில்தான். அதற்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

சுமார் 665இல் பிரபுக்கள் அவளை ஓரங்கட்டினார்கள். தானே நிறுவிய ஷெல் மடத்துக்குப் போய், அங்கே சமையலறை வேலை செய்தாள் என்கிறது வரலாறு. பழைய தொழில்தானே! பிள்ளைகள் மூவருமே அரசர்கள் ஆனார்கள், ஆனால் மடத்துக்கு வந்த செய்திகளை நினைத்துப் பாருங்கள். 673இல் குளோத்தார் இறந்தான். கடைக்குட்டி தியூடெரிக்கை அரியணை ஏற்றினார்கள். நடு மகன் சில்டெரிக் வந்து அவனை இறக்கினான். தம்பியின் முடியை வெட்டி மடத்தில் அடைத்தார்கள். அந்த வம்சத்தில் நீண்ட முடிதான் கிரீடம் மாதிரி. 675இல், சில்டெரிக்கின் உத்தரவால் கம்பத்தில் கட்டி அடிக்கப்பட்ட ஒரு பிரபு, காட்டில் வைத்து அவனையும் அவன் கர்ப்பிணி மனைவியையும் கொன்றான். தியூடெரிக் திரும்ப அரசனானான். பல்தில்ட் இறந்தது சுமார் 680இல்.

பாரிஸ் போனால் ஷெல்லுக்குப் போய்வாருங்கள். கிழக்கே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. அவளுடையது என்று காலங்காலமாகப் பாதுகாக்கப்பட்ட ஒரு லினன் சட்டை அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கழுத்தைச் சுற்றி அடுக்கடுக்காக மாலைகள், நெஞ்சில் ஒரு சிலுவை, எல்லாமே பட்டு நூல் தையல். தங்கம் ஒரு குன்றிமணிகூட இல்லை. நகைகளையெல்லாம் கொடுத்துவிட்டு, கைக்காப்பை மட்டும் வைத்துக்கொண்டாள் என்று எலிஜியஸ் பிஷப்பின் வரலாறு சொல்கிறது. அந்தக் காப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். சட்டையைப் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய துணி, அடிக்கடி உள்ளே எடுத்து வைத்துவிடுவார்கள்.