மண்ணில் ஊற்றும் பூஞ்சாணக்கொல்லி எங்கே போகிறது?

மிளகு வாடல் நோய்க்காக வேரில் ஊற்றும் மெட்டலாக்சில்–மான்கோசெப், போர்டோ கலவை இரண்டும் மண்ணில் தங்குமா, கிணற்றுக்குப் போகுமா என்பது கேள்வி. உள்ளே இருக்கும் மெட்டலாக்சில், மான்கோசெப், தாமிரம் என்ற மூன்று பொருளும் மூன்று விதம்.

மெட்டலாக்சில் லிட்டர் நீரில் சுமார் 8 கிராம் கரையும். மண் துகளில் அதிகம் ஒட்டாது. வேர்வரை போய் வேலை செய்வது அதனால்தான். மட்கு குறைந்த மணற்பாங்கான நிலத்தில் பெருமழை பெய்தால் வேரைத் தாண்டியும் இறங்கிவிடும். கனமழைக்கு முந்தைய நாள் ஊற்றுவது பணத்தையும் கிணற்றையும் கெடுக்கும். இதைச் சிதைப்பவை பெரும்பாலும் மண் நுண்ணுயிர்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஊற்றினால் அவை பழகி வேகமாகத் தின்றுவிடும். ‘மருந்து கேட்கவில்லை’ என்பதற்கு இதுவும் காரணம், எதிர்ப்பு பெற்ற நோய்க்கிருமியும் காரணம். இரண்டுக்குமே அளவைக் கூட்டுவது தீர்வல்ல. வேறு வகை மருந்துக்கு மாற வேண்டும்.

மான்கோசெப் ஈரமண்ணில் சில நாட்களில் உடையும். உடைந்து வரும் எத்திலீன் தயோயூரியாதான் தாய்ப்பொருளைவிட எளிதில் நீரோடு நகரும். தைராய்டைப் பாதிப்பதும் அதுவே.

போர்டோவின் தாமிரம் தனிமம், சிதையவே சிதையாது. 1 கிலோ மயில்துத்தம் (தாமிர சல்பேட்), 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் நீர் சேர்ந்த 1 சதவீதக் கலவையில் சுமார் 250 கிராம் தாமிரம் உண்டு. அது மட்கிலும் களியிலும் ஒட்டி மேல்மண்ணிலேயே சேரும். பிரான்சின் பழைய திராட்சைத் தோட்டங்களில் நடந்தது இதுதான். அமில மண்ணில் தாமிரம் கரைந்து வேரையும் மண்புழுவையும் தாக்கும். மண் பரிசோதனையில் தாமிரத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.