இரைப்பை பயாப்சியில் ‘சி.டி.எக்ஸ்.2 பாசிட்டிவ்’: இது புற்றுநோய் மரபணுவா?

கேள்வி: என் வயது 52. நெஞ்செரிச்சலுக்காக எண்டோஸ்கோப்பி செய்தபோது எடுத்த பயாப்சியில், இரைப்பையின் கீழ்ப்பகுதியில் ‘குடல்வகை மாற்றம், சி.டி.எக்ஸ்.2 பாசிட்டிவ், ஹெலிகோபாக்டர் பைலோரி உள்ளது’ என்று வந்திருக்கிறது. என் தந்தை 68 வயதில் இரைப்பைப் புற்றுநோயால் இறந்தார். அவருடைய புற்றுநோய் மரபணு எனக்கு வந்துவிட்டதா? என் பிள்ளைகளுக்கும் வருமா?

பதில்: தந்தையை இந்த நோய்க்குப் பறிகொடுத்த உங்களுக்கு அந்த ஒரு வரி எவ்வளவு அச்சத்தைத் தந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் சி.டி.எக்ஸ்.2 புற்றுநோய் மரபணு அன்று. அது எல்லோருக்கும் பிறவியிலேயே இருப்பது. உடலின் செல்கள் அனைத்திலும் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றே என்றாலும், இரைப்பைச் செல் இரைப்பைச் செல்லாகவும் குடல் செல் குடல் செல்லாகவும் இருப்பதற்குக் காரணம், டி.என்.ஏ.வில் அமர்ந்து எந்த மரபணு இயங்க வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் படியெடுத்தல் காரணிகள் என்னும் புரதங்களே. அவற்றுள் குடலுக்கு உரியதைத்தான் சி.டி.எக்ஸ்.2 மரபணு உண்டாக்குகிறது. இரைப்பையில் அது அடங்கியிருக்க வேண்டும்.

உங்கள் திசுவை நுண்ணோக்கியில் பார்த்த நோயியல் மருத்துவர், இரைப்பையில் இருக்கக் கூடாத கோப்பை வடிவச் சளிச் செல்களையும், சி.டி.எக்ஸ்.2 புரதம் இருந்தால் மட்டும் பற்றும் சாயத்தால் உட்கருக்கள் பழுப்பு நிறமேறியிருப்பதையும் கண்டிருப்பார். அந்தப் பழுப்புதான் ‘பாசிட்டிவ்’. ஹெலிகோபாக்டர் கிருமி பல்லாண்டு உண்டாக்கும் அழற்சியால் இரைப்பைக்குரிய சாக்ஸ்2 போன்ற காரணிகள் குறைந்து, சி.டி.எக்ஸ்.2 இடம் மாறி விழித்துக்கொள்கிறது. எலிகளின் இரைப்பையில் இந்த ஒரு மரபணுவை மட்டும் இயங்கச் செய்தபோதே அங்கே குடல்வகைத் திசு உருவானதை 2002இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இது புற்றுநோயாக மாற இன்னும் பல படிகள் உண்டு. பி53 என்னும் காவல் காரணியின் மரபணு சிதைவது அவற்றுள் முக்கியமானது. இரைப்பைப் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ பாதியில் அது சிதைந்திருக்கிறது. புற்றைத் தடுக்கும் ரன்எக்ஸ்3 போன்ற மரபணுக்களோ, டி.என்.ஏ.வின் எழுத்து மாறாமலேயே, மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகள் ஒட்டி வாயடைத்துப் போகின்றன. உங்கள் அறிக்கையில் உள்ள மாற்றம் மட்டும் இருப்பவர்களில் ஆண்டுக்கு 0.25 சதவீதத்தினருக்கே புற்றுநோய் வந்ததாக நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு கூறுகிறது. குடும்பத்தில் இந்நோய் இருந்திருப்பதால் உங்கள் அபாயம் இதைவிடச் சற்றுக் கூடுதல்தான். அதை மறைக்க மாட்டேன்.

ஆகவே கிருமியை ஒழிப்பதே முதல் வேலை. இரைப்பைப் புற்றுநோய் கண்டவர்களின் நெருங்கிய இரத்த உறவினரிடம் தென் கொரியாவில் செய்து 2020இல் வெளியான ஆய்வில், கிருமி ஒழிப்புச் சிகிச்சை புற்றுநோய் அபாயத்தைப் பாதி அளவுக்கும் கீழே குறைத்தது. உங்கள் மருத்துவர் தரும் 14 நாள் மாத்திரைகளை ஒரு வேளையும் விடாமல் முடியுங்கள்; முடித்து நான்கு வாரம் கழித்து, அமிலக் குறைப்பு மாத்திரையை இரு வாரம் நிறுத்திவிட்டு, கிருமி போய்விட்டதா என்று மூச்சுப் பரிசோதனையில் உறுதி செய்துகொள்ளுங்கள். புகைப்பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

சி.டி.எக்ஸ்.2 இரைப்பையில் விழித்திருப்பது பிள்ளைகளுக்குப் போகாது. ஆனால் கிருமி வீட்டுக்குள் பரவக்கூடியது என்பதால் அவர்களும், உங்கள் உடன்பிறந்தவர்களும் அதற்குச் சோதித்துக்கொள்வது நல்லது. இரைப்பையின் மேற்பகுதியிலிருந்தும் பயாப்சி எடுத்தார்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அங்கே மாற்றம் இல்லையென்றால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை எண்டோஸ்கோப்பி போதும். அங்கேயும் பரவியிருந்தால், குடும்ப வரலாற்றைக் கருதி, ஓரிரு ஆண்டுக்கு ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கும்.