முன்கூட்டியே ஓட்டுப் போடும் வசதி வந்தால் வாக்குப்பதிவு கூடுமா?

ஓட்டுப் போடுவது சுலபமாகும். ஆனால் அது ஒன்றை மட்டும் வைத்து வாக்குப்பதிவு பெரிதாகக் கூடிவிடாது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குடியுரிமை வாங்கி ஓட்டுப் போட்டு வருகிறவன் என்பதால் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி நர்ஸ். ஷிஃப்ட் காலை 7 முதல் இரவு 7 வரை. தேர்தல் நாளில் இங்கே வாக்குச்சாவடி திறந்திருப்பதும் அதே காலை 7 முதல் இரவு 7 வரைதான். அதுவும் செவ்வாய்க்கிழமை, 1845-ல் போட்ட சட்டம். நாடு முழுக்க லீவும் கிடையாது. 2024-ல் அக்டோபர் 21-லிருந்து நவம்பர் 1 வரை முன்கூட்டியே ஓட்டுப் போடலாம் என்று இருந்ததால், அவளுடைய ஓய்வு நாளில் பக்கத்து நூலகத்துக்குப் போய்ப் போட்டோம். வரிசையில் எங்களுக்கு முன்னால் சிமென்ட் தூசி படிந்த பூட்ஸோடு ஒருவர். சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருந்தார். இவர்களுக்கெல்லாம் இது சலுகையே இல்லை, உரிமை.

ஆனால் அந்த வரிசையில் நின்ற பெரும்பாலோர் எப்படியும் ஓட்டுப் போடுகிறவர்கள்தான். விஸ்கான்சின் பல்கலைக்கழக அரசியல் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டிய வாக்குப்பதிவை மட்டும் தனியாகக் கொண்டுவந்தால் வாக்குப்பதிவு கொஞ்சம் குறையவே செய்கிறது என்று கண்டார்கள். தேர்தல் நாளின் பரபரப்பு பல நாட்களுக்குச் சிதறிவிடுகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். 2020-ல் 10 கோடிப் பேருக்கு மேல் முன்கூட்டியே போட்டார்கள், வாக்குப்பதிவும் நூறாண்டு காணாத அளவுக்கு ஏறியது, உண்மைதான். ஆனால் அது கொரோனாவும் டிரம்ப் குறித்த கொந்தளிப்பும் சேர்ந்த வருடம்.

பெயரைப் பதிவு செய்வதில்தான் அடைப்பே இருக்கிறது. டெக்சாஸில் 30 நாளுக்கு முன்பே பதிந்தாக வேண்டும். 2024-ல் கடைசி நாள் அக்டோபர் 7. அதற்கு அடுத்த வாரம் குடியுரிமை உறுதிமொழி எடுத்த என் நண்பரால், 12 நாளும் நூலகம் திறந்திருந்தும் ஓட்டுப் போட முடியவில்லை. மினசோட்டாவில் தேர்தல் அன்றைக்கே பதிந்து ஓட்டும் போடலாம். வாக்குப்பதிவில் அந்த மாநிலம் எப்போதும் முன்வரிசையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம், அவசரப்பட்டால் ஓட்டு வீணாகவும் செய்யும். 2020 மார்ச் 3-ல் இங்கே உட்கட்சித் தேர்தல், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல். முன்கூட்டிய வாக்குப்பதிவு பிப்ரவரி 28-ல் முடிந்தது. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்டவர்களில் மார்ச் 1-ல் பீட் பூட்டிஜட்ஜ் விலகினார், மறுநாள் ஏமி க்ளோபஷார். அவர்களுக்கு ஏற்கெனவே போட்டதை யாரும் மாற்ற முடியாது. அதனால் உட்கட்சித் தேர்தலுக்கு மட்டும் நான் செவ்வாய்க்கிழமை வரை காத்திருக்கிறேன். மனைவிக்கு அன்று ஷிஃப்ட் விழுந்தால் அதுவும் முடியாது.