பண்ணை பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். பண்ணைச் சுற்றுலா தொடங்க ஆசை, அதற்கு முன்னால் நாலு பண்ணை, நாலு சந்தை பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறோம், எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். எதையும் பார்க்காமல் கட்டடம் எழுப்பிவிட்டு, அப்புறம் கடனோடு நிற்பவர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: பத்து நாள் பயணம். ஒரு நாளைக்கு எத்தனை பண்ணை பார்க்கலாம்?

இரண்டு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் உட்கார்ந்து பார்த்ததை எழுதுங்கள். மூன்றாவதாக ஒன்றுக்குப் போனால் முதல் பண்ணை மனதிலிருந்து போய்விடும்.

கேள்வி: எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எந்த மாதிரிப் பண்ணைச் சுற்றுலா நன்றாக ஓடும்? உடனே பதில் தேவை.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? ஒரு ஏக்கரா, இருபது ஏக்கரா? தண்ணீர் எத்தனை மாதம் இருக்கும்? பக்கத்து நகரத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆகும்? பஸ் உள்ளே வந்து திரும்ப இடம் உண்டா? வீட்டில் எத்தனை பேர் இந்த வேலைக்கு நிற்பார்கள்? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் உடனே பதில் கேட்டால் நான் என்ன சொல்ல? இப்போதைக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் பொதுவாக ஒன்று, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்கார மாட்டார்கள். உங்கள் நிலம் அதைவிடத் தூரம் என்றால் அவர்களைத் தங்க வைத்தாக வேண்டும். அது வேறு தொழில். மற்ற விவரங்களோடு திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: கூட்டமுள்ள நாளில் போவது நல்லதா, கூட்டமில்லாத நாளிலா?

இரண்டிலும் போங்கள், அதே பண்ணைக்கு. கூட்ட நாளில் போனால் கழிப்பறை வரிசை எவ்வளவு நீளம், யார் சுத்தம் செய்கிறார்கள், குப்பை எங்கே போகிறது, வண்டிகள் எங்கே நிற்கின்றன என்பது தெரியும். வண்டி நிறுத்தத்தைப் பலரும் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. உள்ளே வந்து திரும்பும் இடத்தையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வேண்டும். 100 கார் என்றால் முக்கால் ஏக்கர் போச்சு. சக்கரம் ஏறி இறுகிய அந்த மண்ணில் அடுத்த பயிர் சுலபத்தில் வராது. கூட்டமில்லாத நாளில் போனால் அந்தக் குடும்பம் உண்மையில் எதை வைத்துப் பிழைக்கிறது என்று தெரியும்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் ஒரு பண்ணைக்குப் போனோம். முன்கூட்டிச் சொல்லவில்லை. உரிமையாளர் முகம் கொடுத்தே பேசவில்லை. மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இப்படிப்பட்டவர்களிடமிருந்து விவரம் வாங்குவது எப்படி?

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஆறு பேர் போய் நின்றிருக்கிறீர்கள். அவர் பறிப்பை நிறுத்திவிட்டு வந்து உங்களிடம் கணக்கு ஒப்பிக்க வேண்டும் என்று எதிர்பார்த்திருக்கிறீர்கள். ஒரு கடைக்குள் நுழைந்து கல்லாவில் இன்று எவ்வளவு சேர்ந்தது என்று கேட்பீர்களா? விவசாயியிடம் மட்டும் அது எப்படிக் கேட்கத் தோன்றுகிறது?

நானும் பல வருடம் தோட்டத்துக்கு ஆட்களை வரவேற்றவன். ஒரு அறுவடை நாளில் முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு பஸ் வந்து நின்றது. 40 பேர் இருக்கும். பயிற்சிச் சுற்றுலா என்றார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள், எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள், ஒரே கேள்வியைப் பத்துப் பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். கிளம்பும்போது யாரோ கேட்டைத் திறந்தே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முந்தின நாள் மருந்தடித்த பாத்திக்குள் ஆடுகள் புகுந்துவிட்டன. இரண்டு ஆடு செத்துப்போனது. அழைத்து வந்தவரிடம் சொன்னபோது, “சும்மா பார்க்கத்தானே வந்தோம்” என்றார். அந்த வார்த்தை இன்னும் எனக்கு ஆறவில்லை. வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டிய பழம் அன்று மாலை வரை செடியிலேயே கிடந்தது. சும்மா பார்த்ததற்கு நான் கொடுத்த விலை அது.

சரி, முறையாகச் செய்வது எப்படி? ஒரு வாரம் முன்பே எழுதிக் கேளுங்கள். எத்தனை பேர், எதற்காக, எவ்வளவு நேரம் என்று சொல்லுங்கள். நீங்களும் இதே தொழில் தொடங்கப் போகிறீர்கள் என்பதை மறைக்க வேண்டாம். உங்கள் இடம் அவர் இடத்துக்குப் பக்கம் என்றால் அதையும் சொல்லுங்கள். போட்டிக்கு வருகிறவருக்கு வழிகாட்டும் கடமை அவருக்கு இல்லை. அவர் மறுத்தால் மரியாதையோடு விட்டுவிட்டு, தொலைவில் உள்ள இன்னொருவரைக் கேளுங்கள். முதலில் சாதாரண வருகையாளராகக் கட்டணம் கட்டிச் சுற்றிப் பாருங்கள். அப்புறம் தனியாக ஒரு மணி நேரம் கேட்டு, அதற்கும் பணம் கொடுங்கள். அவர் விளைவிப்பதில் ஏதாவது வாங்குங்கள். வேலையாட்களையும் அவர்கள் பிள்ளைகளையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வருமானத்தைக் கேட்காதீர்கள். ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டது எது, ஏன் என்று கேளுங்கள். எந்த மாதத்தில் ஒருவரும் வருவதில்லை? வருகிறவர்கள் அதிகம் குறை சொல்வது எதைப் பற்றி? வீட்டுப் பெண்களுக்கு இதனால் எத்தனை மணி நேர வேலை கூடியது? திரும்ப முதலிலிருந்து தொடங்கினால் எதைக் கட்டாமல் விடுவார்? இந்தக் கேள்விகளுக்குப் பெரும்பாலோர் மனம் திறந்து பேசுவார்கள். வருமானம் தன்னால் புரிந்துவிடும்.

வீடு திரும்பியதும் நன்றி சொல்லி இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து அங்கே போகிறவருக்குக் கதவு திறப்பது அந்த இரண்டு வரியால்தான்.

கேள்வி: மொத்தச் சந்தைகளைப் பார்ப்பதால் பண்ணைச் சுற்றுலாவுக்கு என்ன பயன்?

நிறைய. ஆனால் விடியும் முன் போக வேண்டும். பாரிஸ் அருகே உள்ள ருங்கிஸ் மொத்தச் சந்தை 1969இல் திறந்தது, சுமார் 230 ஹெக்டேர். அங்கே வழிகாட்டியோடு, இருட்டு இருக்கும்போதே அழைத்துப் போகிறார்கள், வெள்ளை மேலங்கி போட்டுக்கொண்டு. டோக்கியோவில் பழைய சுகிஜி மீன் சந்தையில் ஏலம் பார்க்க வந்த கூட்டம் வேலைக்கே இடைஞ்சலாகி, சில சமயம் பார்வையாளர்களை அடியோடு தடுத்தார்கள். 2018இல் டொயோசுவுக்கு இடம் மாறியபோது பார்வையாளர்களுக்கென்று தனி நடைபாதையும் கண்ணாடிச் சன்னலும் வைத்தே கட்டினார்கள். வேலை செய்கிறவர் பாதையும் வேடிக்கை பார்ப்பவர் பாதையும் குறுக்கிடக் கூடாது என்பது பண்ணைக்கும் அப்படியே பொருந்தும்.

நெதர்லாந்தின் அல்க்மார் பாலாடைக்கட்டிச் சந்தை இன்னொரு வகை. வெயில் காலத்து வெள்ளிக்கிழமைகளில் சுமப்பவர்கள் பழைய உடையில் கட்டிகளைத் தூக்கி ஓடுவார்கள். பார்க்க அழகு. ஆனால் அது இப்போது காட்சிதான், உண்மையான மொத்த வியாபாரம் அங்கே இல்லை. எந்தச் சந்தைக்குப் போனாலும் வியாபாரமா, காட்சியா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது, சந்தையில் ஒதுக்கித் தள்ளும் குவியலைப் பாருங்கள். அளவு சிறியது, வடிவம் கோணல் என்று கழிக்கப்பட்டதில் பாதி தின்ன நன்றாகவே இருக்கும். தோட்டத்து வாசலிலேயே அதை வாங்க ஆள் வருவார்கள்.

கேள்வி: சோளக்காட்டுப் புதிர்ப்பாதை பார்த்தேன், பிரமாதம். நானும் போடலாமா?

வேண்டிய வேலையைத் தெரிந்துகொண்டு போடுங்கள். உயர்ந்த பயிருக்குள் பாதை வெட்டி, வழி கண்டுபிடித்து வெளியே வர வைக்கும் விளையாட்டு இது. இன்றைய பாணியில் 1993இல் அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் தொடங்கியது. மக்காச்சோளத்தை நெருக்கமாக, நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் விதைப்பார்கள். பயிர் முழங்கால் உயரம் இருக்கும்போதே பாதையை வெட்டிவிட வேண்டும். தண்டு முற்றிய பிறகு வெட்டினால் கட்டைகள் காலைக் குத்தும். பயிர் காய்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. வெளியேறும் வழிகள், உயரத்தில் நின்று கவனிக்க ஒரு ஆள், புகைபிடிக்கத் தடை, இவை இல்லாமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள்.

கேள்வி: சாப்பாடும் சேர்த்தால் கூட்டம் வருமா?

வரும், சமைக்கிறவர் தாங்கினால். கலிபோர்னியாவில் நாட் குடும்பம் 1920களில் சாலையோரம் பழம் விற்று வந்தது. 1934இல் வீட்டம்மா கோழி விருந்து போட ஆரம்பித்தார். வரிசை நீண்டுகொண்டே போனது. காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டும் என்று 1940இல் பழைய காலத்து ஊர் ஒன்றைப் போலக் கட்டினார்கள். இன்று அது பெரிய கேளிக்கைப் பூங்கா. பழம், சாப்பாடு, வேடிக்கை என்று ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தது அது. நீங்கள் போகும் பண்ணைகளில் எது முதலில் வந்தது, எது பின்னால் சேர்ந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழந்தைகள் ஆட்டுக்குட்டி, கன்றுக்குட்டிக்குத் தீனி கொடுப்பது எல்லா இடத்திலும் இருக்கிறது. சுலபமான வழிதானே?

சுலபம் என்று யார் சொன்னது? மாடு, ஆடு பார்க்க ஆரோக்கியமாக இருக்கும், குடலில் ஈ.கோலை ஓ157 கிருமி இருக்கலாம். 2009இல் இங்கிலாந்தில் இப்படித் தொட்டு விளையாடும் ஒரு பண்ணையிலிருந்து 90க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் பரவியது, பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். சிலருக்குச் சிறுநீரகமே பாதித்தது. ஓடும் தண்ணீரும் சோப்பும் வேண்டும், குழந்தையின் உயரத்தில். கை துடைக்கும் ஜெல் இதற்கு ஈடாகாது. சாப்பிடும் இடம் விலங்குகளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். பண்ணை பார்க்கப் போகும்போது, எத்தனை குழந்தைகள் உண்மையிலேயே கை கழுவுகிறார்கள் என்று அரை மணி நேரம் நின்று எண்ணுங்கள்.

அப்புறம் காலணி. ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் கழுவுங்கள். சேற்றையும் சாணத்தையும் பிரஷ் போட்டுத் தேய்த்து நீக்கிய பிறகுதான் கிருமிநாசினி வேலை செய்யும்.

கேள்வி: பூந்தோட்டம் வைத்துப் படம் எடுக்கக் கட்டணம் வாங்கலாம் என்று நினைக்கிறேன்.

பூக்கும் நாட்கள் எத்தனை என்று எண்ணினீர்களா? நெதர்லாந்தின் கியூகன்ஹோஃப் பூந்தோட்டம் 32 ஹெக்டேர், ஆண்டுதோறும் துலிப் போன்ற பூக்களின் கிழங்குகள் சுமார் 70 லட்சம் நடுகிறார்கள். திறந்திருப்பது ஏறக்குறைய எட்டு வாரம்தான். கிழங்கு வளர்ப்போரும் ஏற்றுமதியாளர்களும் தங்கள் சரக்கைக் காட்டவே அதை ஆரம்பித்தார்கள். பின்னால் விற்க அவர்களிடம் சரக்கு இருந்தது. ஜப்பானில் இனகடாடே கிராமம் 1993 முதல் பல நிற நெல் ரகங்களை நட்டு வயலில் ஓவியம் வரைகிறது. ஓவியம் முடிந்ததும் அது நெல்லாகவே அறுவடை ஆகிறது. உங்கள் பூ உதிர்ந்த பிறகு உங்களிடம் என்ன மிஞ்சும்? அதற்குப் பதில் கண்டுபிடித்துவிட்டுச் செடி வாங்குங்கள்.

கேள்வி: விவசாயத்தை நிறுத்திவிட்டு முழுக்க விடுதியாக மாற்றினால் லாபம் கூடும் என்கிறார் நண்பர்.

விவசாயம் இல்லாவிட்டால் அது வெறும் விடுதி. இத்தாலி 1985இலேயே பண்ணைச் சுற்றுலாவுக்குத் தனிச் சட்டம் போட்டது, 2006இல் திருத்தி எழுதியது. விருந்தினர் வேலையைவிட விவசாய வேலை மேலோங்கி இருக்க வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. 10 விருந்தினர் வரை என்றால் விவசாயமே மேலோங்கியிருப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். பிலிப்பைன்ஸின் படிக்கட்டு நெல்வயல்கள் 1995இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. உழைக்க ஆளில்லாமல் வரப்புகள் சரிந்து, 2001இல் அபாயப் பட்டியலுக்குப் போயின. பழுது பார்த்து வெளியே வர 2012 ஆனது. பார்க்க வருகிறவர்கள் கூட்டமாக வந்தார்கள், ஆனால் வரப்பைக் கட்ட அவர்களால் முடியவில்லை.

கேள்வி: சம்பளம் இல்லாமல் பண்ணையில் தங்கி வேலை பார்த்துக் கற்றுக்கொள்ளலாமா?

கட்டாயம். 1971இல் பிரிட்டனில் தொடங்கிய வூஃப் அமைப்பு வழியாகப் பல நாடுகளில் இது நடக்கிறது. நாளைக்கு நாலைந்து மணி நேர உழைப்பு, பதிலுக்கு உணவும் இடமும். வேறு நாட்டுக்குப் போவதானால் விசா விதியைப் படியுங்கள், பல நாடுகள் இதையும் வேலை என்றே கணக்கிடும்.

கேள்வி: கட்டாயம் வெளிநாடு போக வேண்டுமா?

வேண்டாம். உங்கள் தட்பவெப்பத்தில், உங்கள் அளவு நிலத்தில் நடப்பதை முதலில் பாருங்கள்.

கேள்வி: பயணத்துக்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? நண்பர் கேமரா போதும் என்கிறார்.

கேமரா கடைசியில். நோட்டு, பேனா, அளவு நாடா, மாற்றுக் காலணி, ஒரு பிரஷ். வாழைத் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் காலணி விஷயத்தில் இரட்டைக் கவனமாக இருங்கள். வாடல் நோய்ப் பூஞ்சை ஒட்டிய மண் வழியே போகும், போன இடத்தில் பல வருடம் உயிரோடு கிடக்கும். 2001இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேல் விலங்குகளைக் கொன்றார்கள், நாட்டுப்புற நடைபாதைகளை மூடினார்கள். அந்த ஆண்டு விவசாயத்தைவிடச் சுற்றுலாவுக்கு நஷ்டம் அதிகம் என்று கணக்கு வந்தது. வெளிநாட்டுப் பண்ணை பார்த்துத் திரும்பினால், கால்நடை உள்ள இன்னொரு பண்ணைக்குள் போகும் முன் ஐந்து நாளாவது விடுங்கள். உடுத்திய துணியையும் துவைத்துவிடுங்கள்.