கல்லாவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்

வணக்கம் அண்ணா,

லண்டனுக்கு வேலை மாற்றலாகி வந்ததிலிருந்து, நீங்கள் ஒரு கட்டுரையில் எழுதியிருந்த ‘ரஃப் ட்ரேட்’ இசைத்தட்டுக் கடையைப் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போன வாரம் பிரிக் லேனில் இருக்கும் கடைக்குப் போனேன். பெரிய கூடம். காபி விற்கிறார்கள், கடையின் பெயர் போட்ட துணிப்பை, டி-ஷர்ட் விற்கிறார்கள். இசைத்தட்டுகளும் இருந்தன, விலைதான் கையைச் சுட்டது. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பாடியவர்கள் பாடினார்கள், இவர்கள் வாங்கி விற்றார்கள். ஒரு கடையைப் போய்ப் பண்பாட்டு மரபு என்று எழுதுவது கொஞ்சம் அதிகம் இல்லையா? தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எஸ்.,
லண்டன்

அன்புள்ள எஸ்.,

தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை. நீங்கள் பார்த்தது 2007இல் பழைய ட்ரூமன் பீர் ஆலை வளாகத்துக்குள் திறந்த கடை. நான் எழுதியது 1976 பிப்ரவரியில், நகரின் மேற்கே, லாட்ப்ரோக் குரோவ் பக்கம் 202, கென்சிங்டன் பார்க் சாலையில் ஜெஃப் ட்ராவிஸ் தொடங்கிய கடையைப் பற்றி. துணிப்பையை விட்டுவிடுவோம். “பாடியவர்கள் பாடினார்கள், இவர்கள் விற்றார்கள்” என்ற வரியைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் கல்லாவுக்குப் பின்னால் இருந்தவர்கள் வெறுமனே விற்றிருந்தால், அந்தத் தலைமுறையின் பல பாட்டுகள் கேட்பவர்களிடம் போய்ச் சேர்ந்தே இருக்காது.

ட்ராவிஸ் கேம்பிரிட்ஜில் படித்தவர். அமெரிக்காவைச் சுற்றிவந்தபோது மலிவு விலையில் கிடைத்த பழைய தட்டுகளை வாங்கிக் குவித்தார். சான் பிரான்சிஸ்கோவில் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையைப் பார்த்தார். வாங்காதவர்களும் மணிக்கணக்கில் உட்கார்ந்து படிக்கிற கடை அது. அதே மாதிரி இசைக்கு ஒன்று வேண்டும் என்ற ஆசையோடு லண்டன் திரும்பினார். அவர் கடை போட்ட பகுதி கரீபியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய வாழ்ந்த இடம். அதனால் ஜமைக்காவிலிருந்து வந்த ரெகே தட்டுகள் ஒருபக்கம், அமெரிக்காவிலிருந்து வந்த, வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட பங்க் வகை ராக் இசைத் தட்டுகள் இன்னொரு பக்கம். பெரிய கடைகள் இரண்டையும் சீண்டாத காலம். ரெகே கேட்க வந்தவர் பங்க் கேட்டார், பங்க் தேடி வந்தவர் ரெகேயோடு திரும்பினார். பின்னால் வந்த எத்தனையோ லண்டன் இசைக்குழுக்களின் பாஸ் கிட்டாரில் ஜமைக்கா கேட்கிறதென்றால், இந்த மாதிரிக் கடைகளுக்கு அதில் பங்கு உண்டு.

ஆனால் இதுவும் நல்ல ரசனையுள்ள வியாபாரம் மட்டும்தானே என்று நீங்கள் கேட்கலாம். சரி, விநியோகத்துக்கு வருவோம். இதைப் பற்றி யாரும் ஆசையாக எழுதுவதில்லை. எனக்கு இதுதான் மொத்தக் கதையும்.

அன்றைக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்வதோ தட்டு அடிப்பதோ பெரிய சிரமம் இல்லை. மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் குழு 500 பவுண்டு கடன் வாங்கி ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ தட்டை 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்டது. லண்டனின் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் குழுவுக்கு முதல் தட்டுக்கு ஆன செலவு 153 பவுண்டுதான். அடித்த தட்டை ஊர் ஊராகக் கடைக்குக் கொண்டுபோவதில்தான் சிக்கல். லாரியும் கிடங்கும் விற்பனை ஆட்களும் பெரிய கம்பெனிகள் கையில் இருந்தன. ஆயிரம் தட்டு அடித்தவன் அதைக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு நண்பர்களுக்குக் கொடுக்க வேண்டியதுதான்.

ரஃப் ட்ரேட் கடை அந்தத் தட்டுகளை நூறு நூறாக வாங்கியது. தன் கடையில் விற்றது போக, மற்ற ஊர்க் கடைகளுக்கும் தபாலில் கேட்டவர்களுக்கும் அனுப்பியது. ஆயிரம் அடித்துத் தொடங்கிய ‘ஸ்பைரல் ஸ்கிராட்ச்’ கடைசியில் 16,000 போனது என்றால் இந்த மாதிரி வழிகள் திறந்ததால்தான்.

டேனியல் மில்லர் கதையைக் கேளுங்கள். வீட்டில் ஒரு சிந்தசைசரை (மின்னணு இசைக்கருவி) வைத்துக்கொண்டு தனியாளாக இரண்டு பாட்டு பதிவு செய்தார். 1978இல் அதன் மாதிரித் தட்டை இந்தக் கடைக்கு எடுத்துவந்தார். ஐந்நூறு அடிக்கலாம் என்பது அவர் கணக்கு. கடைக்காரர்கள் கேட்டுப் பார்த்துவிட்டு, இரண்டாயிரம் அடியுங்கள், நாங்கள் விநியோகிக்கிறோம் என்றார்கள். உறையின் பின்பக்கம் மில்லர் தன் முகவரியை அச்சிட்டிருந்தார். தட்டு பரவியதும் அந்த முகவரிக்கு முன்பின் தெரியாதவர்களின் கேசட்டுகள் வரத் தொடங்கின. அந்த ஒரு தட்டுக்காக வைத்த ‘ம்யூட்’ என்ற பெயர் ஒரு நிறுவனமாகவே வளர்ந்தது. உலகப் புகழ் பெற்ற டிபெஷ் மோட் அங்கிருந்து வந்த குழுதான். மில்லரிடம் ஐந்நூறு போதும் என்று தலையாட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இன்னொரு தட்டு. ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழு 1978இல் தன் முதல் தட்டின் உறையில், ஒலிப்பதிவுக்கு இவ்வளவு, தட்டு அடிக்க இவ்வளவு, தட்டின் நடுவில் ஒட்டும் லேபிளுக்கு இவ்வளவு என்று முழுச் செலவுக் கணக்கையும் அச்சிட்டது. வாங்குகிறவரும் அதைப் பார்த்து நாளைக்கே ஒரு தட்டு போடலாம். தொழில் ரகசியத்தைப் பொருளின் மேலேயே எழுதி விற்ற வேறு வியாபாரம் எனக்குத் தெரியாது. அந்தத் துணிச்சலை ஊட்டி வளர்த்த சூழலின் நடுவில் இருந்தது இந்தக் கடைதான்.

அதே வருடம் கடைக்குள்ளிருந்தே ஒரு இசைத்தட்டு நிறுவனமும் பிறந்தது. செலவு போக மிஞ்சுவதில் பாதி கலைஞருக்கு, பாதி நிறுவனத்துக்கு. ஊழியர்கள் எல்லாருக்கும் ஒரே சம்பளம். பெல்ஃபாஸ்டின் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் குழுவின் முதல் ஆல்பம் 1979இல் வந்து தேசிய விற்பனைப் பட்டியலில் 14ஆம் இடம் வரை போனது. பின்னால் யார்க், நார்விச், லிவர்பூல், பிரிஸ்டல், எடின்பரோ என்று பல ஊர் விநியோகக் கடைகளோடு சேர்ந்து ‘தி கார்ட்டெல்’ என்ற கூட்டு அமைப்பை உருவாக்கினார்கள். 1980 ஜனவரியில் சுயாதீன இசைக்கென்று தனி விற்பனைப் பட்டியலே வரத் தொடங்கியது. அதில் இடம்பெற ஒரே நிபந்தனை, பெரிய கம்பெனியின் விநியோகத்தில் வராமல் இருக்க வேண்டும். பாட்டு எந்த வகை என்பது பொருட்டே இல்லை, எந்த வழியாகக் கடைக்கு வந்தது என்பதுதான் கணக்கு.

எல்லாம் நன்றாகவே முடிந்தது என்று சொல்லமாட்டேன். விநியோகப் பிரிவு அளவுக்கு மீறி வளர்ந்து 1991இல் திவாலானது. அதை நம்பியிருந்த சின்ன நிறுவனங்களுக்கு வரவேண்டிய பணம் முடங்கியது. ரஃப் ட்ரேட் நிறுவனம் வெளியிட்ட ‘தி ஸ்மித்ஸ்’ குழுவின் ஆல்பங்கள், பெரிய கம்பெனி வேண்டாம் என்று தொடங்கிய இடத்திலிருந்து, வார்னர் என்ற பெரிய கம்பெனியின் கைக்கே போயின. எனக்கு இன்றும் வருத்தம் தருகிற முடிவு அது. கடை மட்டும் தப்பியது. 1980களின் தொடக்கத்திலேயே ஊழியர்கள் அதைத் தனியாக வாங்கி 130, டால்பட் சாலைக்குக் கொண்டுபோயிருந்ததால், திவால் அதைத் தொடவில்லை.

அப்படித் தப்பியதால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ‘தி ரெயின்கோட்ஸ்’ என்று பெண்கள் நடத்திய ஒரு குழு. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவரான அனா டா சில்வா இந்தக் கடையில் வேலை பார்த்தவர். குழு 1984இல் கலைந்தது, தட்டுகள் கிடைக்காமல் போயின. 1992இல், புகழின் உச்சியில் இருந்த அமெரிக்க ராக் குழு நிர்வானாவின் பாடகர் கர்ட் கோபெய்ன் தன்னிடம் தேய்ந்துபோன ரெயின்கோட்ஸ் தட்டுக்கு மாற்றுத் தேடி இந்தக் கடைக்கு வந்தார். தட்டு இல்லை. ஆனால் கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு அனா எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருந்தது. பக்கத்தில் ஒரு பழம்பொருள் கடையில் வேலை செய்கிறார் என்று வழி சொல்லி அனுப்பினார். கோபெய்ன் நேரில் போய்ப் பார்த்தார், அந்தச் சந்திப்பைத் தன் அடுத்த ஆல்பத்தின் உறையில் எழுதினார். அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் ரெயின்கோட்ஸ் ஆல்பங்கள் மறுபடி வெளிவந்தன. குழுவும் மேடையேறியது. முதல் ஆல்பம் வந்தபோது பிறந்தே இராத பெண்கள் இன்று அவர்களைக் கேட்டுவிட்டுக் கிட்டாரை எடுக்கிறார்கள்.

இருப்பில் இல்லை என்று சொல்லி அனுப்புவது எந்தக் கடைக்கும் சுலபம். தட்டு இல்லாதபோதும் அதைப் பாடியவர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்துவைத்திருப்பதைத்தான் நான் மரபு என்கிறேன். அது ஒலிப்பதிவில் வராது, விருதுப் பட்டியலில் வராது.

பிரிக் லேன் கடையையும் ஒரேயடியாக ஒதுக்கிவிடாதீர்கள். ஃபாப் என்ற கடைத்தொடர் கவிழ்ந்து, இசைத்தட்டுக் கடைகளின் காலம் முடிந்தது என்று எல்லாரும் பேசிய அதே கோடையில் அதைத் திறந்தார்கள். அங்கே சின்ன மேடை ஒன்று இருக்கிறது, புதிய குழுக்கள் வந்து வாசிக்கும். ஒரு மாலை அதற்காகப் போய்ப் பாருங்கள். டால்பட் சாலைக் கடைக்கு வார நாளில், கூட்டம் இல்லாத நேரமாகப் போங்கள். எதையும் தேடி எடுக்க வேண்டாம். கவுன்டரில் இருப்பவரிடம், இந்த வாரம் உங்களுக்குப் பிடித்தது எது என்று கேளுங்கள். என்ன போட்டுக் காட்டினார் என்று எனக்கும் எழுதுங்கள், நானும் கேட்க வேண்டும்.

அன்புடன்