நோட்டில் 11 பேர்தான் என்று மூடிவிடாதீர்கள்

ஆச்சி, வணக்கம். கானாடுகாத்தான் வீட்டு முகப்பில் அப்பத்தாவின் மங்குச் சாமான்களையும் (எனாமல், பீங்கான் பாத்திரங்கள்) பனையோலையில் முடைந்த கொட்டான்களையும் பார்வைக்கு வைத்திருக்கிறீர்கள். வருகை நோட்டில் ஜனவரியில் 140 பேர், மே மாதத்தில் 11 பேர். மூடிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டவே வேண்டாம்.

அந்த இரண்டு மாதங்களையும் ஒப்பிடுவதே தவறு. செட்டிநாட்டுக்கு வெளியூர் ஆட்கள் அதிகம் வருவது குளிர்மாதங்களில்தான். அக்னி நட்சத்திரத்தில் நாமே வீட்டு உள்முற்றமான வளவைத் தாண்டுவதில்லையே! இந்த மே மாதத்தைப் போன மே மாதத்தோடு வைத்துப் பாருங்கள்.

மேலும், வேனில் 12 பேர் வந்தால் கையெழுத்துப் போடுபவர் ஒருவர். பிள்ளையார்பட்டிக்குப் போகிற வழியில் தண்ணீர் குடிக்க இறங்கியவரும் ஒரு வரி எழுதுவார். எத்தனை பேர், எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று இரண்டு பத்திகள் கூடுதலாகக் கோடு போட்டு, நீங்களே நிரப்புங்கள்.

தேவகோட்டையில் எங்கள் ஐயா வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு உண்டு. போன ஆனியில் ஒரு வாரம் முழுக்க ஒருவர்தான் வந்தார், மலேசியாவின் ஈப்போவிலிருந்து. பித்தளைச் செம்பின் கழுத்தில் வெட்டியிருந்த விலாசத்தை, அதாவது குடும்பப் பெயரெழுத்துகளை, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். அவருடைய அம்மாவின் சீர்ப் பாத்திரங்களிலும் அதே எழுத்துகளாம். பட்டாலைத் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். நோட்டில் பெயரும் ஊரும் மட்டும் எழுதினார். அந்த வாரத்தை நான் எப்படிக் குறைந்த வாரம் என்பேன்?

வெயில் தாழும்வரை காலையில் மட்டும் திறந்து வையுங்கள், ஆச்சி. தை முடிந்ததும் கணக்கை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.